அக்கரைக்குப் போன தண்ணிக் கப்பல்

அந்தப் படகில் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று படகை ஓட்ட, மற்றது தண்ணீர் அடிக்க. இரண்டும் சரியான முரடு. பம்பு எஞ்சினுக்கு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். சுற்றுகிற கையை நேரத்துக்கு எடுக்காவிட்டால் கைப்பிடி திருப்பி அடிக்கும். தொழிற்சாலை மெக்கானிக்கின் மணிக்கட்டு அப்படித்தான் உடைந்தது. அதை ஒரே சுற்றில் கிளப்பத் தெரிந்த ஆள் எங்கள் தோட்டத்தில் ஒருவர்தான். அவர் என் அக்காவின் புருஷன். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். கைப்பிடியைச் செருகுவதற்கு முன்னால் எஞ்சினின் நெற்றியைத் தடவி, "எந்திரிம்மா, நேரமாச்சு" என்பார். கரையில் நிற்கிற எல்லாரும் சிரிப்போம். அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

மலைநாட்டில் கப்பல் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் தோட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மின்சாரத்துக்காக ஆற்றை மறித்து டேம் கட்டியபோது தோட்டத்தின் நடுப்பள்ளம் தண்ணீருக்குள் போய்விட்டது. தொழிற்சாலையும் கோயிலும் ஆபீசும் இந்தப் பக்கம் நின்றன. அக்கரையில் ஒரு துண்டு மிஞ்சியது. மலை நிறையத் தேயிலை, அடியில் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக ஒட்டி நிற்கிற ஒரே ஒரு லயம். அக்கரைக் கணக்கு என்று அதற்குப் பெயர்; கணக்கு என்றால் எங்கள் பேச்சில் தோட்டப் பிரிவு. தண்ணீர் வழியாகப் பத்து நிமிஷம். கரையைச் சுற்றி நடந்தால் இரண்டு மணி நேரம். வண்டிப் பாதை கிடையாது. ஹட்டனிலிருந்து எந்தத் தீயணைப்பு வண்டி வந்தாலும் இக்கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். நான் பிறந்தது அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கரையில் விறகுக் கொட்டில் எரிந்து, நல்ல காலமாக மழை வந்து அணைந்தது. அப்போது மேனேஜராக இருந்த பெரிய தொரைக்குப் பயம் வந்துவிட்டது. பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், ஏதாவது யோசனை உண்டா என்று கேட்டார். எல்லாரும் தலையைச் சொறிந்தபோது மச்சான் கையைத் தூக்கினார். மச்சான் இளவட்டத்தில் கொழும்புக்குப் போய்த் துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். அங்கே நெருப்பணைக்கும் படகு ஒன்றை எண்ணெய் துடைத்துச் சுத்தம் செய்வதுதான் அவர் வேலை. எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த சாரத்தோடு தப்பி வந்தார். "கப்பல் எரிஞ்சா பக்கத்துல போயி, கடல் தண்ணியவே உறிஞ்சி அடிப்பாங்க தொரை. நமக்குத்தான் இம்புட்டுத் தண்ணி கெடக்கே" என்றார். தொரை சிரிக்கவில்லை. அடுத்த வாரமே வேலை ஆரம்பமாகிவிட்டது.

டேம் கட்டியவர்கள் விட்டுப்போன தட்டைப் படகு ஒன்று சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. தேயிலைக் கன்று வளர்க்கிற தவரணையில் பழைய டீசல் பம்பு ஒன்று சும்மா இருந்தது. இரண்டையும் மச்சான் சேர்த்து வைத்தார். தொழிற்சாலைக் கூரைக்கு வந்த சிவப்புப் பெயின்ட் மிச்சம் இருந்தது, அதை அடித்தார். முதல் நாள் குழாயை நான் பிடித்தேன். தண்ணீர் வந்த வேகத்தில் என்னையே தூக்கிச் சேற்றில் போட்டது. கரையில் நின்ற பொம்பளைகள் குலவை போட்டார்கள். தண்ணிக் கப்பல் என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. நெருப்பு இல்லாத நாட்களில் அது பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டுவந்து விட்டது, அரிசி மூட்டை ஏற்றியது, வேலைக்கு எங்களை அக்கரையிலிருந்து கூட்டி வந்தது. மாசியில் டேம் வற்றும்போது தண்ணீர் தினமும் கீழே இறங்கும். மச்சானும் தினமும் படகைக் கூடவே இறக்கிக் கட்டுவார். ஒரு நாள் விட்டாலும் சேறு பிடித்துக்கொள்ளும். அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

இன்னொருவனுக்கும் எஞ்சினைப் பழக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான்தான் அந்த இன்னொருவன். தொழிற்சாலையில் வேலை, நெருப்பென்றால் குழாய் பிடிக்கிற ஆள். மச்சான் எத்தனையோ தடவை கூப்பிட்டார். எனக்குக் கைப்பிடியைக் கண்டால் பயம். "நாளைக்குப் பாப்போம் மச்சான்" என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். என் லட்சணம் அப்போதே அவ்வளவுதான்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து வைப்பார்கள். சிவன் தவத்தைக் கலைக்கப் போன மன்மதனை நெற்றிக் கண்ணால் எரிப்பதும், ரதி அழுது மீட்பதும்தான் கதை. பிள்ளை வரம் கேட்பவர்கள் மூன்று வருஷம் மன்மதன் வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொள்வார்கள். வேஷம் கட்டுகிறவர் கையில் மஞ்சள் துணிக் காப்புக் கட்டிவிட்டால், கூத்து முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் தோட்டத்தில் எல்லை என்பது தண்ணீர்தான். தாண்டினால் அதுவரை நேர்ந்தது அத்தனையும் பலிக்காது என்பது எங்கள் நம்பிக்கை. மச்சான் இரண்டு வருஷம் முடித்துவிட்டார். அது மூன்றாவது வருஷம். கூத்து முடிய நான்கு நாள்தான் இருந்தது.

காப்பு நாட்களில் தண்ணிக் கப்பல் ஓடாது. அது எல்லாருக்கும் தெரிந்த, யாரும் குறை சொல்லாத ஏற்பாடு. அக்கரை ஆட்கள் சுற்றி நடந்து வருவார்கள். நான் அக்கா வீட்டில் தங்கிக்கொள்வேன். எங்கள் அய்யாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அப்போது இடது பக்கம் முழுக்க விழுந்துபோயிருந்தது. ஒரு கையால் ஊர்ந்துதான் நகர்வார். பக்கத்துக் காம்பராக்கார அம்மா காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு, ஆடு நுழையாமல் வெளியே சங்கிலியைப் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார். பகலில் லயத்தில் வேறு யாரும் இருப்பதில்லை. பெரியவர்கள் மலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கைக்குழந்தைகள் மேலே, ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில். முந்தின இரண்டு வருஷமும் இப்படித்தான் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லையே என்ற தைரியம்தான் எங்களுக்கு.

அன்றைக்குக் காலைத் தேத்தண்ணி நேரம். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தவன் அக்கரையில் புகையைப் பார்த்தேன். லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் மானாப்புல் வளர்ந்து கிடக்கும். மாசி வெயிலில் அது எரிவது வருஷா வருஷம் நடப்பதுதான். அந்தப் புகை வெள்ளையாக இருக்கும். லயத்துக் கூரைத் தகரத்தில் தார் பூசியிருப்பார்கள்; அது எரிந்தால் கறுப்பாக வரும். இது எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கரைக்கு ஓடினேன். மச்சான் காப்புக் கட்டிய கையோடு பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டாத நாளிலும் துடைக்காமல் இருக்க மாட்டார். அவரும் புகையைப் பார்த்து எழுந்து நின்றார். அவர் பார்வை கொஞ்சம் மட்டம். கொழும்பில் அடி வாங்கியதிலிருந்து தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், வேலை போய்விடும் என்று வெளியே சொல்லவில்லை. காப்பை ஒரு தடவை பார்த்தார், தண்ணீரை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"மாப்ள, ஒனக்கு நல்லாத் தெரியுதா? லயமா, மானாவா? லயம்னா சொல்லு, காப்பாவது மண்ணாவது, போயிருவோம்."

நான் பார்த்தேன். வெள்ளைப் புகை நிறைய வந்தது. அதற்கு அடியில் ஒரு கறுப்பும் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ள எத்தனையோ வழி தேடிப் பார்த்துவிட்டேன். கறுப்பு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்த கண்ணோடு அக்காவின் முகமும் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷம் ஒரு வேளைச் சோறு தின்று விரதம் இருந்தவள், இந்த நான்கு நாளுக்காகத் தவம் கிடக்கிறவள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ எரிகிறது, கறுப்பு வேறு எதுவாகவாவது இருக்கும் என்று என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"மானாதான் மச்சான். அவசரப்படாதீங்க" என்றேன்.

மச்சான் நம்பினார். ஏன் நம்ப மாட்டார், அங்கே கிடப்பது என் அய்யா அல்லவா? இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தோம். ஒரு வெத்தலை போட்டு மென்று துப்புகிற நேரம் இருக்கும். அதற்குள் வெள்ளையெல்லாம் மறைந்து கறுப்பு மட்டும் மேலே வந்தது. அடியில் சிவப்பு தெரிந்தது. அது மச்சானுக்கே தெரிந்தது. "அடப்பாவி, லயம்டா" என்று கத்திக்கொண்டு படகில் பாய்ந்தார்.

நடுத் தண்ணீரில் போகும்போது காப்பைப் பல்லால் கடித்து அறுத்துத் தண்ணீரில் போட்டார். நான் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெருப்பு முதல் காம்பராவில் பிடித்து, எல்லாக் காம்பராவுக்கும் பொதுவான உள்கூரை வழியாக ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தது. கரை தொட்டபோது ஒன்பதாவது காம்பராவின் கூரை விழுந்தது. மச்சான் கைப்பிடியைச் செருகினார். அன்றைக்கு எஞ்சினோடு ஒன்றும் பேசவில்லை. ஒரே சுற்று, கிளம்பிவிட்டது. தண்ணீர் பீறிட்டு வந்தது. படகிலோ பம்பிலோ ஒரு குறை சொல்ல முடியாது. பதினோராவது காம்பராவின் நடுவில் நெருப்பை நிறுத்திவிட்டோம். அய்யா கிடந்த பன்னிரண்டாவது எரியவே இல்லை.

மலையிலிருந்து இறங்கி ஓடி வந்தவர்கள் சங்கிலியைக் கழற்றினார்கள். அய்யா கதவடிவரை ஊர்ந்து வந்திருந்தார். உடம்பில் ஒரு சின்னத் தீக்காயம் கூட இல்லை. புகைதான். டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு, இப்பத்தான், கொஞ்சம் முந்தித்தான் உசுரு போயிருக்கு என்றார். அந்தக் கொஞ்சம் முந்தி எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். நான் அய்யாவின் காலடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் ஆபீஸ் வாசலில் விசாரணை. தொரை, கோயில் கமிட்டித் தலைவர், அக்கரை ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெருப்பன்று இக்கரை மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் அவள். அங்கிருந்தே கறுப்பைப் பார்த்துவிட்டு விழுந்து எழும்பி ஓடி வந்தவள். படகு கரையிலேயே நின்றதை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். புகை கண்டும் ஏன் உடனே கிளம்பவில்லை என்று தொரை கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் பேசிவிட்டார்.

"காப்புக் கட்டியிருந்தேன் தொரை. போகலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு நின்னுட்டேன். எம்மேலதான் தப்பு."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா என் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அக்கரை ஆள் ஒருவர் மண்ணை வாரித் தூற்றினார். தலைவருக்கு வேறு கோபம்: போகிறதென்றால் முதலிலேயே போயிருக்கணும், இல்லையென்றால் காப்பை அறுத்திருக்கக் கூடாது, இப்போது அய்யாவும் போய் நேர்ச்சையும் கெட்டுப்போனது என்றார். இரண்டு கரையும் சேர்ந்து ஒரு மனுஷனைத் திட்டியது. நான் அவர்களோடு நின்றேன். கூத்தில் எரிய வேண்டிய மன்மதன் அவர், எரியாத வீட்டில் செத்தது அய்யா, இரண்டுக்கும் காரணமானவன் ஆறுதல் வார்த்தைகளை வாங்கிக்கொண்டு நின்றேன். த்தூ, என்ன பிழைப்பு.

அன்றிலிருந்து அக்கா மச்சானோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் ஊரில் புருஷன் பெண்டாட்டி பிணங்கிக்கொள்கிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். சமைப்பாள், துவைப்பாள், கோப்பையில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் நகர்த்துவாள். ஒரு சொல் கிடையாது. ஒரே காம்பராவில் இரண்டு பேரும் இப்படி இருந்தார்கள். குழந்தையும் இல்லை. அதற்கும் ஊர் அவரைத்தான் சொன்னது.

கருமாதி முடிந்த கையோடு நான் கரைக்குப் போனேன். மச்சான் படகில் உட்கார்ந்திருந்தார். "அக்காகிட்ட நான் சொல்லிர்றேன் மச்சான், என்னால தாங்க முடியல" என்று அழுதேன். நிஜமாகவே சொல்லிவிடுகிற எண்ணத்தில்தான் போனேன். அவர் என் கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"வேணாம் மாப்ள. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் போயிட்டாங்க. பொறந்த எடத்துல அவளுக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம். என்னைய வெறுத்தாலும் அவ இந்த வீட்டுல இருப்பா. ஒன்னைய வெறுத்துட்டா அவளுக்கு யாருடா இருக்கா? அவ கோபமெல்லாம் ரெண்டு மழைக்குக் கரைஞ்சிரும், விடு."

இரண்டு மழையில் கரையும் என்று அவர் நம்பினார். எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அவருக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன், அக்காவுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதும். மழை எத்தனையோ பெய்தது. தீபாவளிக்குப் புடவை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவேன். அவள் எனக்கு வடை சுட்டுக் கொடுத்து அய்யாவைப் பற்றிப் பேசுவாள். மச்சான் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். நான் வடையைத் தின்பேன்.

பிறகு தோட்டம் வேறு நிர்வாகத்தின் கைக்குப் போனது. அக்கரை ஆட்களை இக்கரையில் குடியேற்றிவிட்டார்கள். எஞ்சின்களைக் கழற்றி எங்கோ கொண்டுபோனார்கள். படகை வெட்டி இரும்பாக எடை போட்டார்கள். மச்சான் அதைப் பார்க்க வரவில்லை. காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு நெஞ்சுச் சளி பிடித்து, அது விடாமல், ஆள் பாதியாக வற்றிப்போனார். நான் கொட்டகலையில் கடை வைத்துக் குடியிருந்தேன். பார்க்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு, "கட எப்படி ஓடுது மாப்ள?" என்பார். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை. ஒரு மத்தியானத்தில் செத்துப்போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். அக்கா அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை, இத்தனை நாளும் ஒரு சொட்டு அழவில்லை என்று பொம்பளைகள் முணுமுணுத்துவிட்டுப் போனதை நானும் கேட்டேன். என்னால் அதற்கு மேல் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கறுப்பைப் பார்த்தது, மானா என்று சொன்னது, அவர் என்னைக் கேட்டது, விசாரணையில் அவர் முந்திக்கொண்டது, படகில் உட்கார்ந்து சொன்னது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அக்கா துலக்கிய பாத்திரத்தைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். மெதுவாக எழுந்து வந்து, கரிக்கையாலேயே என் சட்டையைப் பிடித்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத அவரு உசுரோட இருக்கறப்பச் சொல்லக் கூடாதாடா தம்பி? பதினோரு வருஷம்டா. அவரு போன அன்னிக்கு மத்தியானம் தண்ணி கேட்டாரு. சொம்பக் கொண்டு போயிக் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சேன். என் கையப் புடிச்சாரு. 'ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புடு புள்ள'ன்னாரு. நான் கைய உருவிக்கிட்டு வெளிய வந்துட்டேன்டா. திரும்பப் போயிப் பாக்கறப்ப சொம்புல தண்ணி அப்படியே இருந்துச்சு."

சட்டையை விட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அக்கா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.